மீட்டரம்மாவும் மேல் நோக்கிய அம்புக்குறியும்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு அவர்கள் பிறந்த அன்று பெய்த மழையில் தொடங்கும். மீட்டரம்மா பிறந்த அன்று மழை பெய்ததா, வெயில் கொளுத்தியதா என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. எதையாவது குறித்து வைக்கும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே அவர் மூலமாகத்தான் வந்தது. ஆகவே அவர் கையில் பேனாவோடு பாய்லர் முன்னால் வந்து நின்ற இருபத்தொன்பதாம் வயதில் தொடங்குவதே முறை.

அதற்கு முன் அவர் அதே சலவை ஆலையில் விரிப்பு மடிக்கும் மேசையில் இருந்தார். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டு, மடித்து அனுப்பும் ஆலை அது. உருளை சூடாக ஆவி வேண்டும். ஆவிக்குப் பாய்லர் வேண்டும். பாய்லருக்கு ஓர் ஆள் வேண்டும். இருந்த ஆள் ஒருநாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். "யாராவது பாய்லர் வேலை கத்துக்கறீங்களா?" என்று மேலாளர் கேட்டபோது, அங்கிருந்த ஆண்மக்கள் அனைவரும் அவரவர் செருப்பை ஆராய்ந்தார்கள். மடிப்பு மேசையிலிருந்து ஒரே ஒரு கை உயர்ந்தது. விரிப்பு மடித்து மடித்து, தூக்கத்தில் கணவரின் சட்டை நுனியைப் பிடித்து மூலை தேடுகிற அளவுக்கு வந்துவிட்டதாக அந்தக் கைக்கு உரியவர் காரணம் சொன்னார். உரிமத் தேர்வில் முதல் தடவை தோற்றார். இரண்டாம் தடவை, தோற்கடித்தவர்களே எழுந்து நின்று வழிவிடும்படி தேறினார்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம். ஆவியின் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஏழு கிலோவில் நிற்க வேண்டும்; எட்டரையில் சிவப்புக் கோடு. அந்த முள்ளை அவர் கோட்டின் நிழலைக்கூட மிதிக்க விட்டதில்லை. மீட்டரம்மா என்று பெயர் வந்தது அப்படித்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் ஓய்வாக இருந்தது.

அவருடைய தத்துவம் மிகச் சிறியது. முள் ஏறினால் குறை, இறங்கினால் கூட்டு. இதை அவர் ஆலையோடு விட்டுவிட்டு வரவில்லை. மாமனாருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, உப்பைக் குறைத்தார், அழுத்தம் இறங்கியது. கணவருக்குச் சர்க்கரை ஏறியது, இனிப்புக்குப் பூட்டுப் போட்டார், சர்க்கரை இறங்கியது. கணவர் பேருந்து நடத்துனர். நாள் முழுதும் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தும் அதே சுருதியில் பேசுவார். அதையும் ஒரு பார்வையில் பாதியாக்கியிருந்தார். இப்படி மூன்று ஆதாரம் கைவசம் இருக்கும்போது ஒரு மனிதர் தன் தத்துவத்தின்மேல் சந்தேகம் கொள்ள நியாயமே இல்லை.

பாய்லர் அறையில் இன்னொரு சமாச்சாரமும் உண்டு. அடுத்த கட்டடத்தில் உருளைகளைக் கட்டி மேய்க்கும் இஸ்திரிக்காரர், ஆவி போதவில்லை என்றால் ஒரு பொத்தானை அமுக்குவார். பாய்லர் அறையில் மணி அடிக்கும். அப்போதும் ஆவி வராவிட்டால் மறுபடி அமுக்குவார். அதற்கும் வராவிட்டால் விரலை எடுக்கவே மாட்டார். அவர் விரலுக்குப் பொறுமை கிடையாது என்பது ஆலையறிந்த உண்மை. மீட்டரம்மா தன் பதிவேட்டில் மணிக்கு ஒருமுறை ஆவி எத்தனை கிலோ, தண்ணீர் எவ்வளவு உயரம் என்று எழுதுவதோடு, அந்த மணி எத்தனை தடவை அடித்தது என்பதையும் தனிக் கட்டம் போட்டு எழுதிவந்தார். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் இஸ்திரிக்காரரோடு சண்டை வந்தால் உதவும் என்று ஒரு தொலைநோக்கு.

இரண்டு வருடம் முன்பு அவருக்கு உடம்பு அசந்தது. டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மந்தமாக வேலை செய்கிறது என்று முடிவு வந்தது. தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. சாப்பிட்ட இரண்டு மாதத்தில் உடம்பு பழையபடி ஆகிவிட்டது. அடுத்த பரிசோதனைத் தாளும் நன்றாகவே வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நன்றாக இருக்கிறவர்கள் பரிசோதனைத் தாளைப் படிப்பது, ஜெயித்தவர்கள் விதிமுறையைப் படிப்பது போல, உலகத்தில் நடப்பதில்லை.

அந்தச் சமயத்தில் நாத்தனார் வந்தார். கணவரின் தங்கை, வரும்போதெல்லாம் யாருக்காவது எதையாவது சாப்பிடக் கொடுத்துவிட்டுப் போகாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "அண்ணி, நாப்பத்தஞ்சு தாண்டினா எலும்பு சுண்ணாம்பு மாதிரி உதிர ஆரம்பிச்சிடும்" என்று நல்ல செய்தி சொல்லி, ஒரு கால்சியம் டப்பாவை மேசைமேல் வைத்தார். அன்றிலிருந்து மீட்டரம்மா காலையில் இரண்டு மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டு, ஒரே மடக்குக் காபியில் இறக்கிவிடுவார். ஒரு வேலையை இரண்டு தடவை செய்வது அவருக்குப் பிடிக்காது.

பத்து மாதம் கழித்து அசதி மெல்லத் திரும்பி வந்தது. டாக்டரம்மாவின் வாசலில் எப்போதும் நாற்பது பேர் இருப்பார்கள். தெருமுனை ஆய்வுக்கூடத்தில் நான்கே பேர். ஆகவே அங்கே போனார். தாளில் டி.எஸ்.எச். என்று மூன்று எழுத்து. அதற்கு நேரே 7.4, பக்கத்தில் மேல் நோக்கி ஓர் அம்புக்குறி. இருக்க வேண்டிய அளவு 0.4 முதல் 4.2 வரை என்று ஓரத்தில் அச்சடித்திருந்தது.

மீட்டர் படித்தே பிழைத்தவருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியிருக்கிறது. "தைராய்டு ஏறிடுச்சு" என்று வீட்டில் அறிவித்தார். உலகமும் அப்படித்தானே பேசுகிறது. "உங்களுக்குத் தைராய்டு இருக்கா?" என்று கேட்பார்கள், ஏதோ மற்றவர்கள் கழுத்தில் அது இல்லாத மாதிரி. தைராய்டு ஏறிவிட்டது; தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறோம்; ஆகவே மாத்திரைதான் ஏற்றுகிறது. அன்றே மாத்திரையை இரண்டாக உடைத்தார்.

ஆறு வாரம் கழித்து எண் 14 ஆனது. வால்வைப் பாதி மூடியும் முள் ஏறுகிறது என்றால், வால்வை இன்னும் மூட வேண்டும். அரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினார். இவை அனைத்தையும் ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு, கட்டம் கட்டி எழுதினார். தன் உடம்பை இவ்வளவு ஒழுங்காகக் கெடுத்துக்கொண்டவர்கள் வரலாற்றில் குறைவு.

அதற்குள் பாய்லர் அறையில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஐந்து நிமிடம் நின்றால் உருகும் அந்த அறையில், மீட்டரம்மா கம்பளிச் சட்டையும் காலுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்தது. முகம் உப்பியது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. பேச வேண்டிய வார்த்தை தொண்டைவரை வந்து, எதற்கு வந்தோம் என்று யோசித்து நின்றது. இஸ்திரிக்காரரின் மணி ஒன்பது தடவை, பத்துத் தடவை அடிக்க ஆரம்பித்தது. அவருடைய விரலுக்கு வயதாகிறது, அதனால்தான் எரிச்சல் கூடியிருக்கிறது என்று மீட்டரம்மா முடிவு கட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தண்ணீர் மட்டம் இறங்கியதும் எச்சரிக்கை ஊதல் ஊதியது. ஊதியவுடன் எழுந்து பர்னரை நிறுத்த வேண்டும். மீட்டரம்மா அந்த ஊதலை எங்கேயோ தூரத்தில் யாருக்கோ ஊதுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பத்தொன்பது வருடத்தில் அவர் எழுந்திருக்க நேரம் எடுத்தது அதுவே முதல் தடவை. அதைப் பதிவேட்டில் அவரே எழுதினார்: 'தாமதம், பதினோரு நொடி.' மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மேலாளர் மறுநாள் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, கெட்ட செய்தி சொல்லும்போது மேசையிலிருக்கும் குண்டூசிகளை நீளவாக்கில் அடுக்கும் வழக்கம் உள்ளவர். இரண்டு மாதத்தில் பாய்லர் ஆய்வாளர் வரப்போகிறார் என்றும், அதற்குள் உடல்தகுதிக்கு டாக்டரின் கடிதம் வேண்டும் என்றும், அதுவரை அடுத்த ஷிஃப்ட்காரர் கூடவே இருப்பார் என்றும் சொன்னார். கடிதம் வராவிட்டால்?

"மடிப்பு மேசையில இடம் இருக்குங்க" என்றார் குண்டூசிகளைப் பார்த்து. "எனக்கும் பயமா இருக்கும்மா. அது பாய்லர்."

பயப்பட வேண்டியதுதான் என்று மீட்டரம்மாவுக்கும் தெரியும். வெளியே வந்தவர் மடிப்பு மேசையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை. அன்று மாலையே டாக்டரம்மாவின் நாற்பது பேரில் நாற்பத்தோராவதாகப் போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், முழங்காலில் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் சிறிது யோசித்துவிட்டு எழும்பியது.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"ரொம்ப ஒழுங்கா டாக்டர். ஏற ஏறக் குறைச்சுக்கிட்டே வந்திருக்கேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "யார் குறைக்கச் சொன்னா?"

"நம்பர்தான்."

நோட்டு மேசைக்கு வந்தது. டாக்டரம்மா அதை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். டாக்டரம்மாவுக்கு இன்னும் முப்பது ஆகவில்லை; அந்த வயதில் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட முகமாக இருந்தது. மாத்திரையை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காபியோடு, கூடவே கால்சியம் என்று மீட்டரம்மா பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்தார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. கால்சியமும் காபியும் கூட வந்தால் இந்த மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. முதல் தடவை 7.4 ஆனதற்குக் காரணம் அநேகமாக அதுதான். அதற்குமேல் ஏறியதெல்லாம் மாத்திரையைக் குறைத்ததால். டி.எஸ்.எச். என்பது தைராய்டே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது. கழுத்திலிருக்கும் தைராய்டைப் பார்த்து 'வேலை செய், வேலை செய்' என்று அது அனுப்பும் ஆணைதான் டி.எஸ்.எச். தைராய்டு சோம்பினால் ஆணை கூடும். தைராய்டு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிய எஃப்.டி. ஃபோர் என்று இன்னொன்றைப் பார்க்க வேண்டும்.

அதையும் பார்த்தார்கள். மறுநாள் தாள் வந்தது. டி.எஸ்.எச். 26, மேல் அம்பு. எஃப்.டி. ஃபோர் 0.6, கீழ் அம்பு. இருக்க வேண்டியது 0.8 முதல் 1.8 வரை. பழைய முழு மாத்திரைக்கே திரும்பும்படி டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம் நான்கு மணி நேரம் தள்ளி. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். "அதுவரைக்கும் நீங்களா எதையும் தொடாதீங்கம்மா" என்பதை இரண்டு தடவை சொன்னார்.

மீட்டரம்மா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ஒரு வார்த்தைகூட நம்பாமல் வீட்டுக்கு வந்தார். ஒரே ஆளின் ரத்தத்தில் ஓர் அம்பு மேலே போகிறதாம், ஓர் அம்பு கீழே போகிறதாம். முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு தூரம் மேலே நிற்கும்போது நெருப்பைக் கூட்டச் சொல்கிறார்கள். இதை எந்தப் பாய்லர் தேர்வில் எழுதினாலும் சுழியம் போடுவார்கள்.

"டாக்டர் சொன்னதைக் கேளேன்" என்றார் கணவர்.

"என்னங்க, பஸ்ஸு நிறைஞ்சு வழியும்போது இன்னும் ஆள் ஏத்துவீங்களா?"

"ஏத்துவேன்" என்றார் நடத்துனர், தொழில் நேர்மையோடு.

அந்தப் பக்கமிருந்து உதவி கிடைக்காது என்று புரிந்தது. மறுநாள் காலை அவர் மாத்திரையை விழுங்கவில்லை. காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வழக்கமான காபியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து கனத்த போர்வைகள் வந்திருந்தன. ஈரம் குடித்த போர்வைகள் உருளையில் ஏறினால் ஆவியை உறிஞ்சித் தீர்த்துவிடும். பத்து மணிக்கு முள் ஆறுக்கு வந்தது. மணி மூன்று தடவை அடித்தது. பத்தரைக்கு ஐந்தரை, ஆறு தடவை. பதினொன்றுக்கு 4.8. அதற்குப் பிறகு இஸ்திரிக்காரர் விரலை எடுக்கவே இல்லை. கூட நின்ற ஷிஃப்ட்காரர் பர்னரை ஏற்றப் போனார். மீட்டரம்மா பதிவேட்டில் ஆவிக் கட்டத்தில் 4.8 என்றும், மணிக் கட்டத்தில் 11 என்றும் எழுதினார். எழுதிய பேனா அந்தப் பதினொன்றின் மேலேயே நின்றது.

பக்கத்தைப் புரட்டி முந்தின நாளைப் பார்த்தார். ஆவி ஏழு, மணி ஒன்று. அதற்கு முந்தின வாரம், ஐந்து, ஒன்பது. முந்தின மாதம் ஒரு நல்ல நாள், ஏழேகால். மணிக் கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு மட்டும். பத்தொன்பது வருடம் அவர் கையாலேயே எழுதியது. ஒரு கட்டம் இறங்கினால் மற்றது ஏறுகிறது. ஒரு கட்டம் ஏறினால் மற்றது இறங்குகிறது. பையிலிருந்து தன் ரத்த நோட்டை எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தார். 0.6, கீழ் அம்பு. 26, மேல் அம்பு.

ஷிஃப்ட்காரரிடம் பாய்லரை ஒப்படைத்துவிட்டு, கம்பளிச் சட்டையோடு முற்றத்தைக் கடந்து அடுத்த கட்டடத்துக்குப் போனார். இஸ்திரிக்காரர் பொத்தான்மேல் விரலை வைத்தபடியே திரும்பினார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து முன்கூட்டியே மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நீங்க மணியை நிறைய அடிச்சா ஆவி நிறைய இருக்குன்னு அர்த்தமா?"

"என்ன தங்கச்சி கேள்வி இது? ஆவி நிறைய இருந்தா நான் எதுக்கு மணி அடிக்கிறேன்? காலை நீட்டிட்டு டீ குடிப்பேன்."

"அப்போ, மணிச் சத்தம் தாங்கலைன்னு நான் ஆவியைக் குறைச்சா?"

"நான் மணியைப் பிடுங்கிட்டு வந்து உன் தலையிலயே அடிப்பேன்" என்றார் அவர் சாந்தமாக.

"அதான் அண்ணே நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டு மீட்டரம்மா வந்த வழியே திரும்பினார். இஸ்திரிக்காரர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு போர்வை கருகியதாக ஒரு தகவல் உண்டு.

டி.எஸ்.எச். மீட்டர் இல்லை, மணி. மீட்டர் அந்த எஃப்.டி. ஃபோர். மூளைக்கு அடியில் ஓர் இஸ்திரிக்காரர் பட்டாணி அளவில் உட்கார்ந்துகொண்டு, எட்டு மாதமாகப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் கதறியிருக்கிறார்; இவரோ சத்தம் கேட்கும்போதெல்லாம் நெருப்பை இன்னும் கொஞ்சம் அணைத்திருக்கிறார். கை இடுப்புக்குப் போனது. மாத்திரையை எடுத்தார். அப்போதுதான் காலையில் குடித்த காபியும், இடையில் தின்ற இரண்டு ரொட்டித் துண்டும் நினைவுக்கு வந்தன. எட்டு மாதம் தப்பாகச் செய்தவர், ஒருநாள் பொறுத்துச் சரியாகச் செய்வது என்று தீர்மானித்து அதை மறுபடி மடித்து வைத்தார்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலை அது. முழு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு ஒரு மணி நேரம் காபிப் பாத்திரத்தை எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்சியம் டப்பா மதியச் சாப்பாட்டுக்கு இடம் மாற்றப்பட்டது. விஷயம் கேள்விப்பட்ட நாத்தனார் தொலைபேசியில் அழுதார். தான் கொடுத்தது நல்ல கம்பெனி என்றும் அழுகையினூடே தெரிவித்தார். மாத்திரைமேல் தப்பில்லை, நேரத்தின்மேல்தான் தப்பு என்று மீட்டரம்மா சமாதானம் சொன்னார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. எட்டாம் நாளே ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினார். கணவர் வாசலை மறித்தார். பேருந்தில் படியில் நிற்பவர்களைத் தடுத்துப் பழகிய கை அது. ரத்தத்தில் இந்த மருந்து நிலைபெறவும் அந்த ஆணை அடங்கவும் ஆறு வாரம் ஆகும், அதற்குமுன் பார்த்தால் பாதி வழியில் டிக்கெட் கேட்ட கதைதான் என்று டாக்டரம்மா சொன்னதை அவர் தன் மொழியில் எடுத்துரைத்தார். மீட்டரம்மா செருப்பைக் கழற்றினார். குளிர்ந்த பாய்லரைப் பற்றவைத்தால் அவரே நெருப்பை மெல்லத்தான் ஏற்றுவார். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும்.

மூன்றாம் வாரம் காலுறை தேவைப்படவில்லை. நான்காம் வாரம் ஒரு முற்பகலில் கழுத்தில் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. பூச்சி என்று தட்டப் போனார், வேர்வை. பாய்லர் அறையில் வேர்த்ததற்காக ஒருவர் ஓடிப்போய்க் கண்ணாடி பார்த்தது அந்த ஆலையில் அதுவே முதல் தடவை. ஷிஃப்ட்காரர் பதறிப்போய் என்னவென்று கேட்டார். "வேர்க்குது" என்றார் மீட்டரம்மா, பரிசு வாங்கியவர் குரலில். அந்தக் குரலிலும் கரகரப்பு பாதி குறைந்திருந்தது.

ஆறாம் வாரம் முடிந்த அன்று, காலை மாத்திரையை விழுங்காமலே போய் ரத்தம் கொடுத்தார்; டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். மாலையில் தாள் கைக்கு வந்தது. ஆய்வாளர் வர ஒன்பது நாள் இருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். டி.எஸ்.எச்.சுக்கு நேரே அதே அம்பு, மேல் நோக்கி. அவர் முகம் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட பயணியின் முகமானது. மனைவியின் தோளைத் தொட்டார். மீட்டரம்மா கையை விலக்கிவிட்டு, தாளைப் பழைய நோட்டின் பக்கத்தில் வைத்து மெதுவாகப் படித்தார். பிறகு தேதி போட்டு எழுதிக்கொண்டார். டாக்டரம்மாவைப் பார்க்க மறுநாள் மாலைதான் முறை கிடைத்தது. மேலாளர் மறுநாள் காலையே கேட்டுவிட்டார்.

அவர் மேசைமேல் தட்டச்சடித்த ஓர் உத்தரவு தயாராக இருந்தது. தலைகீழாகப் படித்தாலும் 'மடிப்புப் பிரிவு' என்பது தெரிந்தது. மேலாளர் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தார். அம்பைப் பார்த்தார். கை குண்டூசிப் பெட்டிக்குப் போனது.

"இன்னும் மேலதானேம்மா இருக்கு?"

"பெட்டியை மூடுங்க சார், சொல்றேன்" என்றார் மீட்டரம்மா. "அம்பை மட்டும் பார்க்காதீங்க. அம்பு அளவுக்கு வெளிய இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவு வெளிய, எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லாது. ஆறு வாரம் முன்னாடி இது இருபத்தாறு. இப்போ அஞ்சு புள்ளி மூணு. நாலு புள்ளி ரெண்டுக்கு உள்ள வரணும். இது மணி சார், ஆவி இல்ல. இஸ்திரி அண்ணன் இருபத்தாறு தடவை அடிச்சவர் இப்போ அஞ்சு தடவைதான் அடிக்கிறார். ஆவி இதோ கீழ் வரிசையில இருக்கு. 0.6 இருந்தது 1.1 ஆயிருக்கு. இதுக்கு அம்பே இல்ல பாருங்க."

மேலாளர் இரண்டு வரிசையையும் பார்த்தார். நீண்டநேரம் பார்த்தார். "இவ்வளவு நாள் நானும் என் ரிப்போர்ட்ல அம்பை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மேலாளராகி, "நீங்க சொல்றது புரியுது. ஆனா எழுத வேண்டியது டாக்டர்" என்றார். உத்தரவு மேசைமேலேயே இருந்தது.

அன்று மாலை டாக்டரம்மா மறுபடி சுத்தியலால் தட்டினார். கால் தட்டியவுடன் எழும்பி, அவர் முழங்கையை உதைத்தது. அதற்காக மீட்டரம்மா மன்னிப்புக் கேட்டார். டாக்டரம்மா அதற்காகச் சந்தோஷப்பட்டார். தூக்கம் எப்படி, ஞாபகம் எப்படி, வேலையில் அசதி உண்டா, கடந்த இரண்டு வாரத்தில் ஊதல் எத்தனை தடவை ஊதியது, எத்தனை நொடியில் எழுந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மீட்டரம்மா பதிவேட்டின் பிரதியையே கொண்டுவந்திருந்தார். ஒத்திகைக்காக ஷிஃப்ட்காரர் சொல்லாமல் கொள்ளாமல் ஊதிய ஆறு தடவையும் அதில் இருந்தன. எல்லாம் இரண்டு நொடி, மூன்று நொடி.

"இப்போ இந்த 5.3-ஐப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது? கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். சோதனை வைக்கிறார் என்பது தெரிந்தது.

"எனக்குத் தோணுறதெல்லாம் தோணட்டும் டாக்டர். நான் தொடல. அது உங்க வால்வு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். வெளியே காத்திருந்த முப்பத்தேழு பேரில் சிலர் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். இதே மாத்திரை இன்னும் ஆறு வாரம், அந்த எண் இன்னும் இறங்குகிற வழியில்தான் இருக்கிறது, அதன்பிறகு தேவைப்பட்டால் அளவை யோசிக்கலாம் என்றார். பிறகு தன் பெயர் அச்சடித்த தாளை எடுத்து, பாய்லர் வேலைக்குத் தகுதியானவர் என்றும், ஆறு வாரத்தில் மறு பரிசோதனை கட்டாயம் என்றும் எழுதிக் கையெழுத்திட்டார்.

மேலாளர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மடிப்புப் பிரிவு உத்தரவை நான்காகக் கிழித்தார். அடுத்த பரிசோதனை வரை ஷிஃப்ட்காரர் கூடவே இருப்பார் என்று ஒரு நிபந்தனை போட்டார். மீட்டரம்மா அவரிடமிருந்து அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார். நிபந்தனை நியாயமானது என்று அவருக்கே பட்டது.

ஒன்பதாம் நாள் ஆய்வாளர் வந்தார். மெலிந்த மனிதர்; யாரையும் நம்பாத கண்கள். பாய்லரைச் சுற்றி வந்தார், கடிதத்தைப் படித்தார், பதிவேட்டைப் புரட்டினார். 'தாமதம், பதினோரு நொடி' என்ற வரியில் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் என்றார் மீட்டரம்மா. ஆய்வாளர் பேசிக்கொண்டே பின்னால் கையை நீட்டித் திடீரென்று ஊதலை அழுத்தினார். ஊதல் ஒலி அடங்கும் முன் பர்னர் நின்றிருந்தது. ஆய்வாளர் தன் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு உரிமத்தில் கையெழுத்திட்டார். பாராட்டெல்லாம் இல்லை, தண்ணீர்க் கண்ணாடியை இன்னும் நன்றாகத் துடைக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் பேருந்து நிலையத்திலிருந்து நான்காம் தடவையாக அழைத்தார். என்ன ஆயிற்று என்று அவர் கத்தியது, கைபேசி இல்லாமலே கேட்டிருக்கும்.

"கையெழுத்துப் போட்டுட்டார்."

"அப்பாடா. அப்போ எல்லாம் சரியாயிடுச்சா?"

"ஆகிட்டு வருதுங்க. மிச்சம் ஆறு வாரம் கழிச்சுத் தெரியும்" என்றார் மீட்டரம்மா, ஒரு கையால் தண்ணீர்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "இப்போ ஃபோனை வைங்க. பர்னர் நின்னு நாலு நிமிஷம் ஆச்சு, பத்தவைக்கணும்."